ஓடைக்கு அங்கே மூன்றாவது மரம்

ஜெர்மன் மொழியில் அக்கா கற்றுக்கொண்ட முதல் வாக்கியம் ‘நான் முட்டாள்’ என்பது. வகுப்பின் முதல் நாள் சார் எங்களை வரிசையாக எழுப்பிப் பெயரும் ஊரும் சொல்ல வைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பேர், எல்லோரும் ஜெர்மனிக்கு வேலைக்குப் போக நினைத்த நர்சுகள். அவள் முறை வந்தபோது எழுந்து நின்று, புடவை நுனியைச் சரிசெய்துகொண்டு, தமிழில் கேட்டாள்.

“சாரே, எனக்கு மண்டை கிடையாதுன்னு இதுல எப்பிடி சொல்லணும்?”

சாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பலகையில் எழுதி வாசித்துக் காட்டினார். ‘இஷ் பின் டும்.’ அக்கா அதை ஒரே தடவையில் சொன்னாள். அந்த ‘இஷ்’ லேசில் வராது. நாக்கை மேலே தூக்கி, பல்லுக்குப் பின்னால் காற்றை மட்டும் விடவேண்டும். மற்றவர்களுக்கு அது பிடிபட மூன்று வாரம் ஆயிற்று, எனக்கு ஒரு மாதம். அவள் எடுத்த எடுப்பில் சொன்னதற்கு வகுப்பே கைதட்டியது. அவளும் எங்களோடு சேர்ந்து தட்டினாள்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது அவளிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். ‘என்னையெல்லாம் எழுதி இவளுக்க நேரம் போச்சே’ என்று எனக்காக வருத்தப்படுவாள். அவள் எனக்காக வருத்தப்படுவதை இனி ஒரு தடவைகூட என்னால் தாங்க முடியாது. அக்கா என்றே இருக்கட்டும். என்னைவிட ஏழு வயது மூத்தவள். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில், இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். இரண்டு மணிக்கு டியூட்டி முடிந்து, சாப்பிட்டு, நாலு மணிக்கு வடசேரியில் வாழைக்குலை மண்டிக்கு மேலே இருந்த அந்த வகுப்புக்குப் போவோம். ஆறேகால் எஸ்டேட் பஸ்ஸில் அவள் கீரிப்பாறைக்கு மேலே இருந்த வீட்டுக்குப் போவாள். வீடு என்றால் எஸ்டேட் குவார்ட்டர்ஸ். அவளுடைய அம்மை ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். அப்பா இல்லை. கல்யாணம் ஒன்று பேசி வந்து, அதுவும் தட்டிப்போய்விட்டது.

தனக்கு மண்டை கிடையாது என்பதை மற்றவர்கள் விலாசம் சொல்வதுபோலச் சொல்வாள். அதில் அழுகை கிடையாது, குறை கிடையாது. ஏழாம் வகுப்பில் ஒரு டீச்சர் சொன்னாளாம். மார்க் சீட்டில் கையெழுத்துப் போட வந்த அம்மையிடம், “இவளுக்க தலையில ஒண்ணும் ஏறாது கேட்டியளா. உமக்க கத்தியக் குடுத்துப் பழக்கும்” என்று. அக்கா அதை அப்படியே நடித்துக் காட்டுவாள். டீச்சரின் கண்ணாடி மூக்கில் இறங்குவது, அம்மை எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது, பால் கறை படிந்த விரலால் அம்மை கையெழுத்துப் போடுவது. வார்டில் சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “டீச்சர் உள்ளதத்தான சொன்னா” என்பாள்.

அந்த டீச்சர் சொன்ன பிறகு அவள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டு, நர்சிங் எல்லாம் தேறியிருந்தாள். அதற்கெல்லாம் அவளிடம் காரணம் தயாராக இருக்கும். பத்தில் கேள்வித்தாள் லேசு. பன்னிரண்டில் அம்மையின் ஜெபம். நர்சிங் கைவேலை, அதற்குத் தலை வேண்டாம். தேறியதற்கெல்லாம் விதவிதமாகக் காரணம் வைத்திருந்தவள், தவறியதற்கு மட்டும் ஒரே காரணத்தை வைத்திருந்தாள்.

எங்கள் வார்டில் காய்ச்சலில் வாடிப்போன கைக்குழந்தைக்கு நரம்பு கிடைக்காது. டாக்டர் இரண்டு தடவை குத்திப் பார்த்துவிட்டு, முகம் சிவந்து, “அவளக் கூப்பிடுங்க” என்பார். அக்கா வருவாள். குழந்தையின் புறங்கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, விரலால் தடவுவாள். ஒரே குத்து. தாய் கையெடுத்துக் கும்பிடுவாள். “அதெல்லாம் கைக்க பழக்கம் அம்மா, நான் ஒண்ணும் செய்யல” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அவள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வருடாவருடம் வேதாகமத் தேர்வு நடக்கும். அதிகாரம் அதிகாரமாக மனப்பாடம் ஒப்பிக்க வேண்டும். தொடர்ந்து ஐந்து வருடம் அவளுக்குத்தான் முதல் பரிசு. ஐந்து எவர்சில்வர் தட்டும் குவார்ட்டர்ஸில் அடுக்கில் இருந்தன. “அதுக்கு மண்டை வேண்டாம் மக்கா, அது ஆண்டவருக்க வார்த்தை, யாருக்கும் வரும்” என்றாள். எனக்கு வேதாகமத்தில் ஒரு சங்கீதம்கூட முழுசாக வராது. அதைச் சொன்னேன். “நீ படிக்காம இருந்திருப்ப” என்று என்னைத் தேற்றினாள்.

ஜெர்மன் மொழியில் எங்களைக் கொன்றது பெயர்ச்சொற்கள்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் டேர், டீ, டாஸ் என்று மூன்றில் ஒன்று வரும். எதற்கு எது என்பதற்கு நியாயமே கிடையாது. மேசைக்கு டேர், கதவுக்கு டீ, கட்டிலுக்கு டாஸ். நாங்கள் அட்டவணை போட்டு, கலர் பேனாவில் அடிக்கோடு போட்டு, எல்லாவற்றையும் மறந்தோம். அக்கா மறக்கவில்லை. இரண்டாவது மாதத்தில் சார் எதைக் கேட்டாலும் அவளிடமிருந்து பதில் வந்தது. எப்படி என்று நான் குடைந்து கேட்டபோது வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள்.

அவள் அம்மைக்கு எஸ்டேட்டில் முந்நூற்றுச் சொச்சம் மரம். சின்ன வயதிலிருந்து அம்மைக்குப் பின்னால் நடந்ததில் ஒவ்வொரு மரமும் அக்காவுக்கு ஆள்மாதிரித் தெரியும். பாதைக்கு மேலே இருக்கிற மரங்களில் டேர் சொற்களை வைத்தாள். பாதைக்குக் கீழே உள்ளவற்றில் டீ. ஓடையைத் தாண்டி அந்தக் கரையில் நிற்பவற்றில் டாஸ். ஒரு மரத்துக்கு ஏழெட்டுச் சொல். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்தில் ஒரு சுற்று நடந்து வருவாள். எந்தச் சொல்லைக் கேட்டாலும் அது நிற்கும் மரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள்.

“இது மண்டை இல்லாதவளுக்க வழி மக்கா. உனக்கெல்லாம் என்னத்துக்கு?” என்றாள்.

எனக்குத் தேவைப்பட்டது. வகுப்பில் எல்லோருக்கும் தேவைப்பட்டது. மரம் தெரியாத எங்களுக்கு அவள் எங்கள் இடத்தையே பிரித்துக் கொடுத்தாள். எனக்கு ஆரல்வாய்மொழி. ரோட்டுக்கு மலைப்பக்கம் நிற்கும் காற்றாலைகள் டேர், வயல்பக்கம் நிற்பவை டீ, ரெயில்பாதைக்கு அந்தப்புறம் டாஸ். ஒருத்திக்குத் தெருவிலுள்ள வீடுகள். இன்னொருத்திக்குக் கோட்டாறு கடைகள். ஒவ்வொருத்தியோடும் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். ஆறு வாரத்தில் வகுப்பே நிமிர்ந்துவிட்டது. சார் தன் பாடம்தான் காரணம் என்று நினைத்தார். நாங்களும் அவரிடம் அப்படியே சொன்னோம்.

நாங்கள் அவளை ‘டும் அக்கா’ என்று கூப்பிட்டோம். ஆரம்பித்தது நான்தான். அவளே சொல்லிக்கொள்வதை நாங்கள் சொல்வதில் என்ன தப்பு என்று இருந்தது. யாருக்காவது மாதிரித் தேர்வில் மார்க் குறைந்தால், “கவலப்படாத, டும் அக்கா இருக்கா உனக்குக் கீழ” என்போம். அவளுக்கு மண்டை இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. வேலை முடிந்து அலுத்துப்போய் வந்து உட்காருகிற பதினோரு பேருக்கும், ஒருத்தி நமக்குக் கீழே இருக்கிறாள் என்பது ஒரு தெம்பு. இப்போது எழுதும்போது கேவலமாகத்தான் இருக்கிறது. அப்போது அப்படி இல்லை, நன்றாகவே இருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். பேச்சுப் பயிற்சியில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருத்தி கேள்வி கேட்டுப் பரீட்சை எடுக்கிறவளாகவும் மற்றவள் பரீட்சை எழுதுகிறவளாகவும் நடிக்கவேண்டும். எழுதுகிறவளாக உட்கார்ந்தால் அக்காவுக்கு வார்த்தை திக்கும், உள்ளங்கை வேர்த்து மேசையில் ஈரம் படியும். நாற்காலி மாறி, பரீட்சை எடுக்கிறவளாக உட்கார்ந்தால் ஒரு பிழை வராது. கண்ணாடி மூக்கில் இறங்கியமாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு, சரளமாகக் கேள்வி கேட்பாள், திருத்துவாள், மறித்துப் பேசுவாள். பரீட்சை எடுக்கிறவளுக்கு மண்டை உண்டு அல்லவா. நாற்காலி மாறியதும் அது போய்விடும்.

முதல் பரீட்சைக்கு ஆறு பேர் சென்னைக்குப் போனார்கள். நான் போகவில்லை, எனக்குத் தைரியம் வரவில்லை. நாலு பேர் தேறினார்கள். அக்கா வாசிப்புத் தாளில் மூன்று மார்க்கில் போனாள். தேறிய நாலு பேரும் அவளுடைய மரத்தில் படித்தவர்கள். அவர்களுக்கு வகுப்பில் கேக் வெட்டியபோது, தட்டுகளைச் சுற்றிக் கொடுத்தது அவள்தான். “நான் போனது வேஸ்டு, அந்தச் சீட்டுல வேற ஒரு பிள்ள இருந்து எழுதியிருக்கும்” என்றாள்.

அதன்பிறகு வந்த ஒரு மாதிரித் தேர்வில்தான் நான் அதைப் பார்த்தேன். பேப்பரை மாற்றிக்கொண்டு ஒருவருடையதை ஒருவர் திருத்துவது எங்கள் வழக்கம். அவளுடையது எனக்கு வந்தது. பென்சிலில் விடை எழுதி, ரப்பரால் அழித்து, வேறு விடை எழுதியிருந்தாள். பல இடத்தில் தாள் தேய்ந்து மெலிந்திருந்தது. மார்க் போட்டேன், நாற்பதுக்கு இருபத்திரண்டு. மூடப்போனபோது ஜன்னல் வெளிச்சம் தாளுக்குப் பின்னால் விழுந்தது. அழித்ததற்கு அடியில் இருந்த எழுத்து தெரிந்தது. முதல் கேள்விக்கு முதலில் சரியான விடை எழுதி, அழித்து, தப்பை எழுதியிருந்தாள். நாலாவதும் அப்படி. ஏழாவதும் அப்படி. தாளை ஜன்னலில் வைத்துக் கடைசிவரை பார்த்தேன். முதலில் எழுதியதை அப்படியே விட்டிருந்தால் முப்பத்தேழு. எங்கள் வகுப்பில் அதுவரை யாரும் அதை வாங்கியதில்லை.

சாரிடம் இருபத்திரண்டு என்று மட்டும் சொன்னேன். பேப்பரை மடித்து என் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் என்று அன்று எனக்குத் தெரியாது. மறுவாரம் தெரிந்தது.

எங்களை அனுப்புகிற ஏஜென்ட் வகுப்புக்கு வந்தார். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லம் ஐந்து பேர் கேட்டிருந்தது. நாலு பேர் ஆயிற்று. ஒரே ஒரு இடம் பாக்கி. அடுத்த பரீட்சையில் தேறுகிற ஆளுக்கு அது. அதற்குப் பிறகு வருகிற அழைப்புகளில் முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள் என்றும் சொன்னார். அக்காவுக்கு முப்பத்தைந்து முடிய மூன்று மாதம் இருந்தது. அந்தப் பரீட்சைக்கு எங்கள் வகுப்பில் தயாராக இருந்தது இரண்டே பேர், அவளும் நானும்.

அவளுக்கு அது எதற்கு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அடுத்த சித்திரையில் அம்மைக்கு வேலை முடிகிறது. முடிந்தால் குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய வேண்டும். போக வேறு இடம் இல்லை. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு ஆரல்வாய்மொழியில் சொந்த வீடும் கடையும் உண்டு. நான் போகாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. போகவேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

பரீட்சைக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள், வடசேரி பஸ் ஸ்டாண்டில், எஸ்டேட் பஸ்ஸுக்காக நின்றோம். அவள் பையில் நிரப்பிய விண்ணப்பம் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“ஏட்டி, உள்ளதச் சொல்லணும்” என்றாள். “சாரு எல்லாத்தையும் எழுதுங்க எழுதுங்கம்பாரு. நீதான எனக்க பேப்பரத் திருத்துன. நான் எழுதட்டா, வேண்டாமா?”

புத்தகம் என் கையில்தான் இருந்தது. பேப்பர் அதற்குள் இருந்தது. எடுத்து, எதிரே கடையில் எரிந்த பல்புக்கு நேரே பிடித்து, “பாருங்கக்கா” என்றால் முடிந்தது.

“உங்களுக்கு இன்னும் ஒரு ஆறு மாசம் வேணும்க்கா” என்றேன்.

“ஆறு மாசத்துல வந்திருமா?”

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். வரும் என்று சொல்லியிருந்தால்கூட அவள் பரீட்சைக்குப் போயிருப்பாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“தெரியலக்கா. கொஞ்சப்பேருக்கு எவ்வளவு படிச்சாலும் வராது.”

அவள் முகம் வாடவில்லை. மாறாக, சுமையை இறக்கிவைத்தவள்போல மூச்சு விட்டாள். “அப்பிடிச் சொல்லு. நீயாவது மனசு தொறந்து சொன்னியே. இல்லாட்டி அங்க பெய்ட்டு பின்னயும் நாணங்கெட்டு வந்திருப்பேன்” என்றாள். பிறகு பையில் துழாவி, புது ரப்பர் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். பரீட்சைக்கென்று வாங்கியது. “நீ கொண்டுபோ மக்கா. எனக்கு இனி இது என்னத்துக்கு?” பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியே எனக்குக் கை காட்டினாள்.

அதோடு விட்டிருந்தால் என் கதை கொஞ்சமாவது சொல்லும்படி இருந்திருக்கும். அந்த ஒரு மாதமும் அவள் தினம் வகுப்புக்கு வந்தாள், எனக்குச் சொல்லிக்கொடுக்க. வார்டில் மருந்து எடுத்து வைக்கும்போது கேட்பாள், ஊசிக்கு என்ன, காய்ச்சலுக்கு என்ன, தலையணைக்கு என்ன. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் பரீட்சை எடுக்கிறவளாக உட்கார்ந்து என்னைக் குடைவாள். நான் தடுமாறினால், “உனக்கு மண்டை உண்டு, அவசரப்படாத, பைய காத்தாடிக்கிட்ட பெய்ட்டு பாத்துட்டு வா” என்பாள். எனக்கு வாழ்நாளில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. என் அப்பா சொன்னதில்லை, எந்த டீச்சரும் சொன்னதில்லை. ஒரு மாதம் காதில் விழுந்துகொண்டே இருந்ததில் நானும் நம்பிவிட்டேன். பரீட்சை மண்டபத்தில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். அவள் கொடுத்த ரப்பரை மேசையில் வைத்திருந்தேன், ஒரு தடவைகூடத் தொடவில்லை. தேறினேன்.

எங்கள் சபையில் இப்படி ஒன்று நடந்தால் ஸ்தோத்திரக் காணிக்கை வைப்பார்கள், போதகரான ஐயர் அதை அறிவிப்பில் வாசிப்பார். என்னுடையது வாசிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பஸ் மாறி அக்கா ஆரல்வாய்மொழிக்கு வந்திருந்தாள். ஆராதனை முடிந்ததும் வாசலில் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் அன்னைக்கே சொன்னேன் சேச்சி, இவளுக்கு மண்டை உண்டுன்னு” என்றாள். அம்மா அழுதாள். நானும் அழுதேன். என் அழுகையைப் பார்த்து எல்லோரும், என்ன நன்றியுள்ள பிள்ளை என்று பேசிக்கொண்டார்கள்.

ஆறு வருடம் கழித்து, போன மே மாதம் லீவில் வந்தபோது, கீரிப்பாறைக்குப் போனேன். சர்டிபிகேட் வைத்திருக்கும் ஃபைலில் அந்தப் பேப்பரும் என்னோடு ஜெர்மனிக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது. இடையில் அவளோடு போனில் பேசுவதுண்டு. நல்லா இருக்கேன் மக்கா என்பாள், உனக்க குளிரு எப்பிடி என்பாள். ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். காரணம் குவார்ட்டர்ஸ் வாசலில் தெரிந்தது. திண்டில் உட்கார்ந்திருந்த அவள் அம்மை, “அவ மரத்துக்குப் பெய்ருக்கா. இப்பம் பால் எடுக்க நேரமாச்சு” என்றாள். அம்மைக்கு வேலை முடிந்ததும், வீடு கையைவிட்டுப் போகாமலிருக்க, அம்மையின் மரங்களை இவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். நர்சு வேலையை விட்டுவிட்டாள். அந்த டீச்சர் கொடுக்கச் சொன்ன கத்தி கடைசியில் கைக்கு வந்துவிட்டது.

பத்து மணி வெயிலில், வாளியோடு ஒவ்வொரு மரமாகப் போய், அதில் கட்டிய சிரட்டையிலிருந்த பாலைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டு ஓடிவந்தாள். கட்டிக்கொள்ள வந்தவள் தன் உடுப்பைப் பார்த்து நின்றுவிட்டாள். புளித்த பாலின் வாடை. நான்தான் கட்டிக்கொண்டேன். ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்தோம். நான் பேப்பரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். சொல்லவேண்டியதை பிளேனில் மனப்பாடம் செய்து வந்திருந்தேன், அதனால் திக்காமல் சொன்னேன். அழித்ததற்கு அடியில் முப்பத்தேழு மார்க் இருந்தது. அது எனக்குத் தெரியும். ஒரே ஒரு இடம்தான் இருந்தது. நான் பொய் சொன்னேன்.

அவள் தாளை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நெடுநேரம் பார்த்தாள். உதடு அசைந்தது, கேள்விகளை வாசித்தாள் என்று நினைக்கிறேன். திட்டட்டும், அடிக்கட்டும், வாளிப் பாலை என் தலையில் கொட்டட்டும் என்று காத்திருந்தேன்.

“அழிச்சதுக்குக் கீழ என்ன கெடந்தா என்ன மக்கா” என்றாள். “அழிச்சது நான்தான? மண்டை உள்ளவ அழிப்பாளா?”

“அக்கா, நான் பொய் சொன்னேன்னு சொல்லுதேன்.”

“நீ எப்பம் பொய் சொன்ன? இப்பந்தான் சொல்லுத.” என் கன்னத்தைப் புறங்கையால் தடவினாள். “என்ன இந்தக் கோலத்துல பாத்ததும் உனக்கு மனசு கேக்கல. அதான் ஏதோ சொல்லித் தேத்துத. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் வெசனம் இல்ல கேட்டியா. அன்னைக்கு நீ ஒருத்திதான் உள்ளதச் சொன்ன. அத நான் எப்பவும் ஜெபத்துல நெனைப்பேன்.”

நான் மறுபடியும் சொன்னேன். கத்திச் சொன்னேன் என்றுகூட ஞாபகம். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள், ஏழாம் வகுப்பு டீச்சரிடம் அம்மை தலையாட்டியமாதிரி. பேசிக்கொண்டே இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, நுனியில் உறைந்திருந்த பாலை அந்தத் தாளால் வழித்துத் துடைத்தாள். துடைத்துவிட்டுத் தாளைக் கசக்கி வாளிக்குப் பக்கத்தில் போட்டாள். பேச்சை மாற்றக் கத்தியைக் காட்டினேன்.

“இதுக்கு ஜெர்மன்ல என்ன, ஓர்மை இருக்காக்கா? டேர் மெஸ்ஸர்.”

“டேர் இல்ல மக்கா, டாஸ்” என்றாள், யோசிக்கக்கூட இல்லை. கையை நீட்டி ஓடைக்கு அந்தப்பக்கம் காட்டினாள். “ஓடைக்கு அங்க மூணாவது மரம். அன்னா, வளைஞ்சு நிக்கில்லியா, அதுலதான் இருக்கு. கூட ஜன்னலும் கட்டிலும் காய்ச்சலும் உண்டு.”

ஆறு வருடமாக அந்த முதியோர் இல்லத்துச் சமையலறையில் நான் கத்தியைத் தப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாரும் திருத்தியதில்லை.

“இன்னும் எல்லாம் ஓர்மை இருக்கா?” என்றேன்.

“மறக்க எங்க விடுது? தெனம் இதுக்கூடத்தான நடக்கேன். ஒவ்வொண்ணுக்கும் அதுக்க பேரச் சொல்லிச் சொல்லித்தான் வெட்டுகது. இல்லாட்டி நேரம் போகாது.” பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். “இதெல்லாம் படிப்பா பிள்ள? கால்பழக்கம். மண்டை உள்ளவளுக்கு இந்தக் கூத்தெல்லாம் வேணுமா?”

எழுந்து வாளியை எடுத்துக்கொண்டாள், பால் உறைந்துவிடும் என்றாள். ஓடையைத் தாண்டிப் போய் ஒவ்வொரு மரமாகச் சிரட்டையைச் சாய்த்தாள். வாய் மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தது. இந்தக் கரையிலிருந்து எனக்குக் கேட்டது. ஒரு சொல்லிலும் பிழை இல்லை, உச்சரிப்பு என்னைவிட நன்றாக இருந்தது.

கீழே இறங்கி வரும்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சொல்லிவிட்டேன், அவள் நம்பவில்லை, இனி என்னால் செய்ய ஒன்றுமில்லை என்று இருந்தது. பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

திரும்பிப் போன முதல் வாரம், சமையலறையில் ரொட்டி வெட்டக் கத்தியைக் கேட்டேன். டாஸ் மெஸ்ஸர் என்றேன். கூட வேலை செய்கிற ஜெர்மன்காரி கத்தியை நீட்டிக்கொண்டே, லீவுக்குப் போய் வந்ததில் உன் மொழி நன்றாகத் தேறிவிட்டது, உனக்கு நல்ல மூளை என்றாள். நன்றி என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.